‘ஐ டுமாரோ மதர் வித் கல்முனை கோ’: ஒரு பிழையான வசனத்துக்குள் இருக்கும் சரியான இலக்கணம்

“ஐ டுமாரோ மதர் வித் கல்முனை கோ.”

தரம் 6 படிக்கும் பிள்ளை ஒன்று கொப்பியில் எழுதித் தந்த வசனம் இது. சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, சரியான வசனத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். நானும் பல வருடங்கள் அதைத்தான் செய்தேன். ஒரு நாள், வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை எழுதிப் பார்த்தேன். நான், நாளைக்கு, அம்மா, ஓட, கல்முனை, போறன். சொற்கள் மட்டும்தான் ஆங்கிலம். வசனம் முழுக்கத் தமிழ். ‘கல்முனைக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு மற்றக் கொப்பிகளையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடும் பிழைகளில் பெரும் பங்கு கவனக்குறைவால் வருவதில்லை. தமிழ் இலக்கணம் நன்றாக ஊறிப்போன மனம், புதிய சொற்களையும் பழகிய ஒழுங்கிலேயே அடுக்குகிறது. அந்த ஒழுங்கு எது, ஆங்கிலத்தின் ஒழுங்கு எது, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று ஒருமுறை தெளிவாகக் காட்டிவிட்டால், அடிப்படை ஆங்கிலத்தின் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 3 இலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரும்போது ஒரு பிள்ளை ஒன்பது வருடங்கள் ஆங்கிலம் படித்திருக்கும். பிறகு வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ பல்கலைக்கழகம் போனால், பல பாடங்களின் விரிவுரை ஆங்கிலத்தில்தான். அந்த அவசரத்தில் ரியூசன் வகுப்புத் தேடிப் போகிறவர்களுக்கு முதல் நாளே கிடைப்பது காலங்களின் அட்டவணை. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, ஆக 12 பெட்டிகள். அட்டவணையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது வினைச்சொல்லை எப்படி மாற்றுவது என்று மட்டும் சொல்கிறது. மாற்றிய வினையை வசனத்தில் எங்கே வைப்பது என்று அது சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த ‘எங்கே’யில்தான்.

சரி, அந்தப் பிள்ளையின் வசனத்துக்கே வருவோம். தமிழையும் திருத்திய ஆங்கிலத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

நான் – நாளைக்கு – அம்மாவோட – கல்முனைக்கு – போறன்.
ஐ – ஆம் கோயிங் – டு கல்முனை – வித் மை மதர் – டுமாரோ.

‘நான்’ இரண்டிலும் முதலில் நிற்கிறது. அதற்குப் பிறகு வருவதையெல்லாம் தமிழில் கடைசியிலிருந்து முன்னுக்கு வாசித்தால் ஆங்கில ஒழுங்கு வந்துவிடுகிறது. இன்னும் கிட்டப் போனால், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இதே திருப்பம்தான். கல்முனை முதலில், ‘க்கு’ பின்னால். ஆங்கிலத்தில் ‘டு’ முதலில், கல்முனை பின்னால். அம்மா முதலில், ‘ஓட’ பின்னால். அங்கே ‘வித்’ முதலில். ‘போறன்’ என்ற ஒரே சொல்லைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். போ என்பது செயல், ‘ற’ காலம், ‘அன்’ பேசுகிற ஆள். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வருகிறது, காலத்தைக் காட்டும் ‘ஆம்’ நடுவில், செயல் கடைசியில். முதன்முதல் இதைக் கரும்பலகையில் எழுதியபோது, இத்தனை வருடம் இது என் கண்ணில் படாமல் போனதே என்று கவலையாகத்தான் இருந்தது.

எல்லா வசனமும் இப்படி அச்சொட்டாகத் திரும்பும் என்று நினைக்க வேண்டாம். ‘டுமாரோ’ போன்ற காலச்சொல்லை ஆங்கிலத்தில் முன்னுக்கும் வைக்கலாம். ஆனால் தொடக்கத்தில் கையில் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல கயிறு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு மொழிக்கும் ஏன் இந்த வேறுபாடு? தமிழ்ப் பாடத்தில் படித்த வேற்றுமை உருபை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ‘பூனை மீனைத் தின்றது’ என்கிறோம். ‘மீனைப் பூனை தின்றது’ என்றாலும் தின்றது பூனைதான். ‘தின்றது பூனை, மீனை’ என்று கதை சொல்கிற மாதிரிச் சொன்னாலும் மீன் தப்பாது. ‘ஐ’ என்ற உருபு மீனோடு ஒட்டிக்கொண்டு, மீன் எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆங்கிலத்தில் ‘த கேட் ஏட் த ஃபிஷ்’ என்றால் பூனை மீனைத் தின்றது. இரண்டு பெயரையும் இடம் மாற்றி ‘த ஃபிஷ் ஏட் த கேட்’ என்றால், மீன் பூனையைத் தின்றுவிடும். சொற்களில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இடம் மட்டும் மாறியது, கதையே மாறிப்போனது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு உருபு மாதிரியான விகுதிகள் இருந்தன. சொல் ஒழுங்கும் இப்போதையதைவிட நெகிழ்வாக இருந்தது. வடகடல் தாண்டி வந்து குடியேறிய ஸ்கண்டிநேவியர்களோடு கலந்து பேசியபோதும், சொற்களின் கடைசி அசைகள் பேச்சில் தேய்ந்தபோதும் அந்த விகுதிகள் ஒவ்வொன்றாக மங்கின. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையும் சட்டமும் நீண்ட காலம் பிரெஞ்சில் நடந்தன. ஆங்கிலம் வீட்டு மொழியாகவும் வயல் மொழியாகவும் இருந்துகொண்டு வேகமாக மாறியது. 14 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெயர்களின் விகுதிகள் பெரும்பாலும் போய்விட்டன. உருபு போனதும், யார் செய்தவன், யார் மீது செய்தது என்று காட்டும் வேலை இடத்தின் தலையில் விழுந்தது. பழைய காலத்தின் மிச்சம் இன்றும் சில சொற்களில் இருக்கிறது. ‘ஹி’ என்றால் அவன். ‘ஹிம்’ என்றால் அவனை, அவனுக்கு. ‘தே’ என்றால் அவர்கள். ‘தெம்’ என்றால் அவர்களை, அவர்களுக்கு.

ஆகவே நான் வகுப்பில் முதல் நாள் எழுதிப் போடுவது ஒரே ஒரு வரி: ஆங்கிலத்தில் இடம்தான் உருபு. எழுவாய், அதற்கு அடுத்து வினை, அதற்கு அடுத்து செயப்படுபொருள். மற்றதெல்லாம் அதற்குப் பின்.

தமிழ் ஒழுங்கு எவ்வளவு பலமானது என்பதற்கு மட்டக்களப்பு நகருக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. போர்த்துக்கேயர் இங்கே 1628 இல் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638 இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சி போனாலும் போர்த்துக்கேயப் பேச்சு போகவில்லை. ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் குடும்பங்கள் அதை ஒரு கலப்புமொழியாக வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள். இப்போது பேசுகிறவர்கள் குறைந்துவிட்டாலும், மொழியியலாளர்கள் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயம் ஆங்கிலத்தைப் போன்றது. வினை நடுவில் வரும். ‘க்கு’ போன்ற வேலை செய்யும் சொல் பெயருக்கு முன்னால் வரும். ஆனால் மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சில் வினை வசனத்தின் கடைசிக்குப் போய்விட்டது. ‘பாரா’ என்று பெயருக்கு முன்னால் நின்ற சொல் ‘ப’ என்று தேய்ந்து, பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, எங்கள் ‘க்கு’ ஒட்டுவது போலவே. தமிழர்களும் முஸ்லிம்களுமாகத் தமிழ் பேசும் சனத்தின் நடுவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில், ஐரோப்பிய மொழி ஒன்று தன் எலும்பையே தமிழ் ஒழுங்குக்கு மாற்றிக்கொண்டது. அந்தப் பலம்தான் தரம் 6 பிள்ளையின் கொப்பிக்குள்ளும் வேலை செய்கிறது. அதை எப்படி வெறும் பிழை என்று சொல்வது?

அம்பாறைப் பக்கம் படிப்பிக்கும்போது இன்னொன்றையும் காட்டலாம். அங்கே பல பிள்ளைகள் கடையில், பஸ்ஸில், அப்பாவின் வேலையிடத்தில் சிங்களம் கேட்டு வளர்கிறார்கள். ‘மம ஹெட்ட கல்முனேட்ட யனவா’ என்றால், நான் நாளைக்குக் கல்முனைக்குப் போகிறேன். சொல்லுக்குச் சொல் தமிழ் ஒழுங்கு. ‘ட்ட’ என்பது நம் ‘க்கு’ இருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. மொழிக்குடும்பம் என்று பார்த்தால் சிங்களம் ஆங்கிலத்துக்குத்தான் தூரத்து உறவு. வசனம் அடுக்குவதில் அது தமிழோடு நிற்கிறது. சிங்களம் காதால் கேட்டே வந்துவிட்டது, ஆங்கிலம் மட்டும் இத்தனை வருடம் படித்தும் வரவில்லையே என்று தங்களை நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். புத்தி குறைவு இதற்குக் காரணம் இல்லை. சிங்களம் படிக்கும்போது வசனத்தைத் திருப்பிப் போடும் வேலை அவர்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது எழுவாய். தமிழில் ‘வந்தேன்’ என்றாலே நான் என்பது தெரிந்துவிடும். ‘வந்தான்’ என்றால் அவன். வினையின் வாலில் ஆள் இருப்பதால் எழுவாயைச் சொல்லாமல் விடலாம். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற சொல்லுக்குள் ஆளே இல்லை. நானும் ‘கேம்’, அவனும் ‘கேம்’, அவர்களும் ‘கேம்’. அதனால், ‘கம்’, ‘கோ’ போன்ற கட்டளைகளைத் தவிர, ஆங்கிலம் எழுவாய் இடத்தைக் காலியாக விடாது. சொல்ல யாருமே இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைக்கும். ‘இட் இஸ் ரெயினிங்’ என்பதில் வரும் ‘இட்’ எதையும் குறிப்பதில்லை. ‘மழை பெய்யுது’ என்பதில் உள்ள மழைகூட அது இல்லை. இடம் நிரப்ப வந்த சொல் அது.

இதோடு சேர்த்து ‘எனக்கு’ என்று தொடங்கும் வசனங்களைத் தனியாக ஒரு நாள் எடுத்துப் படிப்பிக்க வேண்டும் என்பேன். எனக்குப் பசிக்குது, எனக்குக் காய்ச்சல், எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ரெண்டு தங்கச்சி. ஒரு நாளில் நாம் பேசும் பேச்சில் எவ்வளவு ‘எனக்கு’ என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். தமிழில் பசியும் காய்ச்சலும் ஆளிடம் வருகின்றன. ஆள் அவற்றை வாங்கிக்கொள்கிறார். பிள்ளை இதை ‘டு மீ ஹங்கிரி’ என்று எழுதுவது அதனால்தான். ஆங்கிலத்தில் இந்த வசனங்கள் பெரும்பாலும் ‘ஐ’ என்றே தொடங்கும். ‘ஐ ஆம் ஹங்கிரி’, ‘ஐ ஹேவ் அ ஃபீவர்’, ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ வாண்ட்’, ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’. ‘எனக்கு’ என்று மனதில் வந்தால் ‘ஐ’ என்று தொடங்கிப் பார் என்று சொன்னால் போதும், பத்து வசனத்தில் எட்டு சரியாகிவிடும்.

இனி, எல்லா ஆங்கில ரீச்சர்மாரும் கண்டு சலித்த பிழை: ‘ஐ ஆம் கோ’. இது இரண்டு வழியாக வருகிறது. தமிழில் ‘அப்பா விவசாயி’ என்பது முழு வசனம். வினையே வேண்டாம், தமிழ் இலக்கணத்தில் இது பெயர்ப் பயனிலை. ஆங்கில வசனத்துக்கு வினை இல்லாமல் உயிர் இல்லை. பிள்ளை ‘மை ஃபாதர் ஃபாமர்’ என்று எழுதும். நாங்கள் ‘இஸ்’ போடு என்போம். அடுத்த வாரம் அந்த ‘இஸ்’ எல்லா வசனத்திலும் ஏறிவிடும். இது ஒரு வழி. மற்ற வழி எங்கள் பாட ஒழுங்கு. ‘ஐ ஆம், யூ ஆர், ஹி இஸ்’ என்று முதல் மாதம் முழுக்க ஒரே ராகமாகச் சொல்ல வைக்கிறோம். பிள்ளையின் காதில் ‘ஐ ஆம்’ என்பது ஒரே சொல்லாகப் பதிந்து, ‘நான்’ என்பதற்குச் சமமாகிவிடுகிறது. நான் என்றால் ‘ஐ ஆம்’, போறன் என்றால் ‘கோ’. ஆகவே ‘ஐ ஆம் கோ’. பிள்ளையின் கணக்கில் ஒரு தவறும் இல்லை. முதல் வாரத்திலேயே ‘ஐ ஈட்’, ‘ஐ கோ’, ‘ஐ ரீட்’ என்று ‘ஆம்’ இல்லாத வசனங்களையும் பக்கத்தில் வைத்துப் பழக்கினால் இந்தப் பிழையில் பெரும் பகுதி முளைக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்விக்கு வருவோம். தமிழில் கேள்வி கேட்பது ‘ஆ’ ஒன்றைச் சேர்க்கும் வேலை, அதையும் விரும்பிய இடத்தில் சேர்க்கலாம். நீ நேற்று வந்தாயா, நேற்றா வந்தாய், நீயா வந்தாய். மூன்றும் மூன்று கேள்வி. ஆங்கிலத்தில் இங்கேயும் இடம்தான் வேலை செய்கிறது. ‘யூ ஆர் ரெடி’ என்பதில் ‘ஆர்’ முன்னால் வந்து நின்றால் கேள்வி. முன்னால் வருவதற்கு அப்படி ஒரு துணைவினை இல்லாத வசனங்களில் ‘டூ’ என்ற சொல்லை உதவிக்குக் கூப்பிட வேண்டும். ‘யூ கேம்’ என்பது ‘டிட் யூ கம்’ ஆகிறது. ‘டிட் யூ கேம்’ ஏன் பிழை என்று பிள்ளைகள் கேட்பார்கள். இறந்தகாலம் ‘டிட்’ என்பதிலேயே ஏறிவிட்டது, இரண்டாம் முறை ஏற்றத் தேவையில்லை. இதற்கும் தமிழில் துணை உண்டு. ‘வரவில்லை’ என்கிறோமே, அதில் உள்ள ‘வர’ என்பதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. வெறும் செயல் மட்டும். ‘டிட் நாட் கம்’ என்பதில் வரும் ‘கம்’ அந்த ‘வர’ மாதிரித்தான்.

பதிலில் ஒரு சின்னக் கண்ணி. ‘நீ வரல்லையா?’ என்று கேட்டால், வராதவர் ‘ஓம், வரல்ல’ என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் வராதவர் ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும். நேர்முகப் பரீட்சையில் இது ஆளைக் கவிழ்த்துவிடும்.

‘அ’, ‘த’ என்ற இரண்டு குட்டிச் சொற்களைப் பற்றி எல்லோருக்கும் பயம். தமிழில் ‘த’ இல்லை, ஆகவே எங்களுக்கு அது வராது என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சந்தையால் வந்து ‘மீன் வாங்கினேன்’ என்பதற்கும் ‘மீனை வாங்கினேன்’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் யார்? முதலாவது ஏதோ மீன். இரண்டாவது, நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்த மீன். கேட்பவருக்கும் எது என்று தெரிந்த பொருள் என்றால் ‘த’ என்பதுதான் அதன் முக்கிய விதி. அந்த உணர்வு எங்களிடம் ‘ஐ’ உருபுக்குள் ஒளிந்திருக்கிறது. பிள்ளைக்கு விதியைப் புதிதாக ஊட்ட வேண்டாம், இருப்பதைத் தொட்டுக் காட்டினால் சரி. நுணுக்கங்கள் வாசிக்க வாசிக்கத்தான் வரும், அதற்கு வருடங்கள் எடுக்கும்.

நீண்ட வசனங்களில் வினையெச்சம் தன் வேலையைக் காட்டும். ‘அம்மா கடைக்குப் போய், மீன் வாங்கி, வீட்டுக்கு வந்து, மறுகா கறி ஆக்கினா.’ நான்கு செயலில் கடைசி ஒன்றுதான் காலமும் ஆளும் சுமக்கிறது. இதைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் மூன்றையும் மொட்டையாக விட்டுவிடும்: கோ, பை, கம். ஆங்கிலத்தில் அந்த நான்கும் தனித்தனியாக இறந்தகாலம் ஏற்க வேண்டும்: ‘வென்ட்’, ‘பாட்’, ‘கேம்’, ‘குக்ட்’. பெயரெச்சமும் அப்படித்தான் திரும்பும். ‘நேற்று வந்த பொடியன்’ என்று நாம் விவரத்தை முன்னால் அடுக்குகிறோம். ஆங்கிலம் பொடியனை முதலில் நிறுத்திவிட்டு, ‘ஹூ கேம் யெஸ்டர்டே’ என்று விவரத்தைப் பின்னால் இழுத்துவரும்.

அப்புறம் அந்த 12 பெட்டி அட்டவணை. மேலே சொன்னதெல்லாம் பழகியபின் அது அவ்வளவு பயமுறுத்தாது. ‘ஹி கோஸ்’ என்பதில் உள்ள ‘ஸ்’, நம் ‘போகிறான்’ என்பதில் உள்ள ‘ஆன்’ போன்ற வால். மற்ற வால்கள் தேய்ந்து ஆங்கிலத்தில் மிஞ்சியது அது ஒன்று. ‘வந்திருக்கிறான்’ என்பது ‘ஹி ஹேஸ் கம்’ என்பதற்கு நல்ல அயல்வீடு. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஹி கேம்’ என்றே சொல்ல வேண்டும்.

இதில் எதுவும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து சொல்லித் தரக்கூடியது இல்லை. தமிழ்ப் பாடமும் ஆங்கிலப் பாடமும் ஒன்றையொன்று பார்க்காமல் இரண்டு வேறு அறைகளில் நடப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. எழுவாய், பயனிலை, உருபு, எச்சம் எல்லாவற்றையும் பிள்ளை தமிழ்ப் பாடத்தில் படித்துவிட்டுத்தான் அடுத்த மணிக்கு ஆங்கிலப் பாடத்துக்கு வருகிறது. அங்கே எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. இரண்டு இலக்கணத்தையும் ஒரே தலையில் வைத்திருந்தவர்கள் இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றவர். ஒன்றைப் படிக்க மற்றதை மறக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் வழியில் இல்லை.

நான் இப்போது செய்வது சின்ன வேலைதான். பழைய கொப்பி மட்டைகளை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் எழுதி, வசனத்தை மேசையில் பரப்பிவிடுவேன். ‘நான்’, ‘நாளைக்கு’, ‘அம்மாவோட’, ‘கல்முனைக்கு’, ‘போறன்’. பிள்ளைகள் துண்டுகளைத் தாங்களே திருப்பி, ஒழுங்கையும் மாற்றிப் பார்ப்பார்கள். “ரீச்சர், ‘நான்’ மட்டும் இடம் மாறல்ல” என்று ஒரு பிள்ளை சத்தமாகச் சொல்லும் வரைக்கும் நான் எதுவும் விளங்கப்படுத்துவதில்லை.

அந்தத் தரம் 6 பிள்ளையும் இரண்டு வாரத்துக்குப் பிறகு வசனத்தைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தது. ‘ஐ ஆம் கோயிங் டு கல்முனை வித் மதர் டுமாரோ.’ ஒழுங்கு முழுக்கச் சரி. ‘மை’ மட்டும் இல்லை. அம்மா என்றால் என் அம்மாதானே, அதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டது. தமிழில் சொல்லத் தேவையில்லைதான். அதை அடுத்த பாடத்துக்கு வைத்துக்கொண்டோம்.